பரிமாறிக்கொள்ள எந்த ஃப்ளையைக் கட்டலாம்?

கேள்வி: ட்ரவுட் மீன் பிடிக்க ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலி இரை) கட்டி, ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். 12 பேர், ஆளுக்கு 12. புதியவன் எதைக் கட்டலாம்?

பதில்: வுல்லி பக்கர் என்ற ஃப்ளையைக் கட்டுங்கள். 10-ஆம் எண் முள், உடலுக்குப் பச்சை செனில் (பொசுபொசுவென்ற தடித்த நூல்), மேலே சுற்றச் சேவல் கழுத்து இறகு. வாலுக்கு மராபூ, அதாவது வான்கோழித் தூவி. தண்ணீரில் அது அட்டைபோல் நெளியும் அழகே தனி!

தலைப்பக்கம்தான் கவனம். என் முதல் பரிமாற்றத்தில் முள்ளின் காதுவரை (தூண்டில் நரம்பு கோக்கும் துளைவரை) நூல் சுற்றி, பசையும் தடவிவிட்டேன். வாங்கிய நண்பர் ஆற்றங்கரையில் நின்று ஊசியால் குத்திக் குத்தித் துளையைத் திறந்தாராம். கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது. அப்புறம் காதுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டே முடிகிறேன். நீங்கள் 15 கட்டுங்கள். சரியாக வந்த 12-ஐ மட்டும் அனுப்புங்கள்.