மரவள்ளியும் ஒரு குளவியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவிஸ் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் முதுகலையில் பூச்சியியல் படிக்கிறேன். எங்கள் துறையில் நடப்பதில் பெரும்பகுதி, புது மருந்துகளைப் பாத்திகளில் அடித்துவிட்டு எத்தனை பூச்சி செத்தது என்று எண்ணுவதுதான். ஹெரனின் கதை எனக்கு லாட்டரிப் பரிசு மாதிரி இருக்கிறது. மரவள்ளியை அழித்துவந்த மாவுப்பூச்சியைக் கொல்லும் குளவி எங்கோ ஒன்று கிடைத்தது, ஆப்பிரிக்காவின் மரவள்ளி பிழைத்தது. அதிர்ஷ்டத்தை நம்பி ஒருவர் ஆராய்ச்சி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா? வெளியிலிருந்து கொண்டுவந்த குளவியே நாளை தொல்லையாகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முடிவிலிருந்து பார்த்தால் எல்லாக் கண்டுபிடிப்பும் லாட்டரிதான். இதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

1970களின் முற்பகுதியில் காங்கோ பகுதியில் மரவள்ளியின் குருத்துகள் சுருண்டு கருகின. அதற்குக் காரணமான மாவுப்பூச்சி அறிவியலுக்கே புதிது. 1977இல்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர் என்பதால் பூச்சியும் அங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகித்தார்கள். சிக்கல் என்னவென்றால், அங்கே யாரும் அதைப் பார்த்ததில்லை. பிறந்த மண்ணில் இயற்கை எதிரிகள் அடக்கிவைத்திருக்கும் பூச்சி எந்த விவசாயியின் புகாரிலும் வராது. தொல்லையே தராத ஒரு பூச்சியை ஒரு கண்டம் முழுக்கத் தேட வேண்டும்.

1979இல் நைஜீரியாவின் இபாதானில் உள்ள வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹெரன் சேர்ந்தபோது நிலைமை இதுதான். தென்னமெரிக்காவின் வடக்குப் பகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்வைக்கு அச்சு அசல் அதேதான். ஆனால் ஆப்பிரிக்காவில் பரவியதில் ஆணே கிடையாது, பெண்ணே பெண்ணைப் பெறும். இதிலோ ஆணும் உண்டு. ஆக, இனம் வேறு. அதன் மேல் வாழ்ந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. அந்த வேற்றினத்துக்கு 1981இல் ஃபீனகாக்கஸ் ஹெரனி என்று பெயர் சூட்டினார்கள். ஹெரன் தேடிப்போனது ஒன்று, அவர் பெயரைச் சுமப்பது இன்னொன்று. உயிர்களை இனம் பிரிக்கும் வகைப்பாட்டியலை உப்புச்சப்பில்லாத பாடம் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அந்த வேறுபாட்டை யாரும் கவனிக்காமல் போயிருந்தால் தவறான குளவிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரியான பூச்சி அதே 1981இல் பராகுவேயில் அகப்பட்டது. கண்டெடுத்தவர் ஹெரன் அல்ல, கொலம்பியாவில் பணியாற்றிய டோனி பெலோட்டி. அதன் எதிரியான அனகைரஸ் லோபெஸி என்ற சிறு குளவி, லண்டனில் தனிமைக் காப்பில் இருந்த பிறகே ஆப்பிரிக்காவுக்குப் போனது. அதைப் பெருக்கி, விமானத்திலிருந்துகூடத் தூவி, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைபெறச் செய்தது ஹெரன் குழுவின் உழைப்பு. செலவிட்ட ஒரு டாலருக்கு 149 டாலர் பயன் என்று 1988இல் பொருளியலாளர் ரிச்சர்ட் நார்கார்ட் கணக்கிட்டார். 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமான பயம். கரும்பு வண்டைத் தின்னும் என்று 1935இல் ஆஸ்திரேலியாவுக்குத் தேரையைக் கொண்டுபோனார்கள், இன்றுவரை அனுபவிக்கிறார்கள். தேரை வாய்க்கு எட்டியதையெல்லாம் விழுங்கும். இந்தக் குளவியோ வெகு சில மாவுப்பூச்சி இனங்களின் உடலுக்குள் முட்டையிட்டால்தான் பெருக முடியும். நூறு சதவீத உத்தரவாதம் யாரும் தர மாட்டார்கள். எதை உண்டு எதில் பெருகும் என்று முன்கூட்டியே சோதிப்பதுதான் வழி.

எனக்கு இதையெல்லாம்விடச் சுவையானது பிறகு தெரிந்த ஒரு விஷயம். சத்தில்லாத மணல் நிலங்களில் குளவி அவ்வளவாக எடுபடவில்லை. அங்கே மரவள்ளி நோஞ்சான், அதனால் மாவுப்பூச்சியும் சிறுத்துவிடுகிறது. சிறிய பூச்சியில் இந்தக் குளவி பெரும்பாலும் ஆண் முட்டைகளையே இடும். பெண் குறைந்தால் அடுத்த தலைமுறை ஏது? மண்ணுக்கு இலைதழை மூடாக்குப் போட்டு வளம் கூட்டினால் மாவுப்பூச்சி உருவில் பெரிதாகும், குளவிக்குப் பெண் குஞ்சுகளும் கூடும். மருந்து அடித்து எண்ணும் ஆய்வில் இந்தச் சங்கிலி கண்ணில் படவே படாது.

ஹெரன் 1994இல் நைரோபியின் பூச்சி ஆய்வு மையமான இசிபேயின் தலைமை இயக்குநரானார். பின்னர் மண்வளம், வேளாண் கொள்கை என்று நகர்ந்து, 2008இல் வெளியான பன்னாட்டு வேளாண் மதிப்பீட்டு அறிக்கைக்கு இணைத்தலைவராக இருந்தார். பூச்சியை விட்டுவிட்டார் என்று இதைப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூச்சி ஏன் பெருகுகிறது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

அதே மாவுப்பூச்சி 2020இல் திருச்சூரில் தென்பட்டு, நம் சேலம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வயல்களுக்கும் வந்தது. அதே குளவியைப் பெனினிலிருந்து வரவழைத்து 2022இல் இங்கே விட்டார்கள். ஆகவே உங்களுக்கான வேலை காத்திருக்கிறது. மருந்தடிக்காத ஒப்பீட்டுப் பாத்தியை வெறும் கணக்குக்காக வைக்காமல், அதில் குளவி புகுந்து உப்பி இறுகிப்போன மாவுப்பூச்சிகளைப் பொறுக்கிக் கண்ணாடிக் குழாய்களில் அடையுங்கள். வெளிவருவதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணி, பக்கத்திலேயே மண்ணின் தன்மையையும் குறித்துவையுங்கள். செலவு சொற்பம் என்பதால் உங்கள் வழிகாட்டியும் மறுக்க மாட்டார்.