வட இங்கிலாந்துத் தேவாலயச் சுவர்களில் ரோமானியக் கற்கள்: கேள்வி பதில்

கேள்வி: எஸ்கோம் தேவாலயம் 7-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கற்கள் ரோமானியருடையவை என்பதற்கு என்ன அடையாளம்?

பதில்: வடக்குச் சுவரில் ஒரு கல்லில் ரோமானியரின் ஆறாம் லெஜியன் படைப்பெயர் தலைகீழாக இருக்கிறது. பக்கத்துப் பின்செஸ்டர் கோட்டையைப் பிரித்துக் கொண்டுவந்த கற்கள் அவை. எழுத்தில்லாத கற்களில் உளித்தடத்தைப் பாருங்கள். சாய்சதுரங்களாகப் பின்னிய கோடுகள் ரோமானியப் பொளிவு.

கேள்வி: சில கற்களின் முகப்பில் ஆழமான குழி இருக்கிறதே?

பதில்: கல்லைத் தூக்க இரும்புக் கொக்கி மாட்டும் குழி. வாய் குறுகி அடி அகன்றிருக்கும். அது கல்லின் மேல்பக்கத்தில் இருந்து, அடுத்த வரிசைக்குள் மறைய வேண்டும். முகப்பில் தெரிந்தால் கல்லைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். இடைக்காலக் கல்தச்சரும் இதே முறையில் தூக்கியதால், குழியை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள்.

கேள்வி: தலைகீழாக வைத்தது பழைய மதத்தை இழிவுபடுத்தவா?

பதில்: எஸ்கோம் கல்லுக்கு அவ்வளவு பொருள் ஏற்ற வேண்டாம். மணற்கல்லில் படிவ அடுக்கு கிடையாக இருக்க வேண்டும். தலைகீழாக்கினாலும் அது கிடையாகவே இருக்கும். அடுக்கு செங்குத்தாகி முகப்பைப் பார்த்தால்தான் கல் தோல் தோலாக உரியும். ஹெக்ஸாம் தேவாலய நிலவறையின் ரோமானியக் கல்வெட்டில் கேட்டாவின் பெயர் செதுக்கி அழிக்கப்பட்டிருப்பதையும் பலர் தேவாலயம் கட்டியவர்மேல் போடுகிறார்கள். 211-இல் தம்பி கேட்டாவைக் கொன்ற ரோமானியப் பேரரசன் காரகல்லாவின் ஆணை அது. தேவாலயம் எழுந்ததோ 674 வாக்கில்.

கேள்வி: ஹெக்ஸாமில் குதிரைவீரன் கல்லும் உண்டாமே?

பதில்: உண்டு. பெட்ரியானா குதிரைப்படையின் கொடிவீரன் பிளாவினஸ், வயது 25, பணி 7 ஆண்டு. 1881-இல் கிடைத்த கல்லறைக் கல்.

கேள்வி: தேய்ந்த எழுத்தை எப்படிப் படிப்பது?

பதில்: கேமராவைக் கல்லுக்கு நேராக முக்காலியில் நிறுத்துங்கள். டார்ச்சைச் சுவரை ஒட்டி, 10 முதல் 15 பாகைச் சாய்வில் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு பக்க ஒளியில் மறையும் கோடு இன்னொன்றில் எழும். சாக்பீஸ், கம்பித் தூரிகை இரண்டும் கூடவே கூடாது.

கேள்வி: இணைப்புச் சாந்து உதிர்கிறது. சிமென்ட் பூசலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியே வெளியேறும். அதிலுள்ள உப்பு முகப்புக்குக் கீழே படிகமாகிப் பொருக்குகளைத் தள்ளும். எழுத்து அந்தப் பொருக்கோடு போய்விடும். கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்தையே இடுங்கள். பழைய சிமென்டை எடுக்கக் கையுளி போதும், அரவை இயந்திரம் கல் விளிம்பையும் தின்றுவிடும்.