பறவை மோதிய பிறகும் கேபின் க்ரூ ஏன் எழுந்து வரவில்லை?

கேள்வி: விமானம் மேலேறிக்கொண்டிருந்தபோது 'டமார்' என்று ஒரு சத்தம். இறக்கையை ஒட்டிய ஜன்னல் இருக்கையில் இருந்தேன். இன்ஜினின் பின்பக்கம் தீ பளிச்சிட்டதைப் பார்த்தேன். உள்ளே கருகிய வாடை. பட்டனை அழுத்தினேன், யாரும் வரவில்லை. பணிப்பெண்கள் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்துத்தான் பறவை மோதியது, திரும்பி இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. இறங்கிய பிறகும் எழ விடவில்லை. இது அலட்சியம் இல்லையா? அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தது அலட்சியம் இல்லை, அதுதான் அவர்களுடைய வேலை. பல ஆண்டுகள் கேபின் க்ரூவாகப் பறந்தவள் நான். இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தருகிறேன்.

முதலில் நீங்கள் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். பறவை இன்ஜினுக்குள் போனால் உள்ளே காற்றோட்டம் குலைகிறது. அந்தச் சத்தமும் தீயும் அதனால்தான். பெரும்பாலான விமானங்களில் நாம் சுவாசிக்கும் காற்று இன்ஜின் வழியாகத்தான் வருகிறது. அதனால் சிறகும் சதையும் கருகிய வாடை நேராகக் கேபினுக்குள் வந்துவிடும். இரண்டு இன்ஜின் விமானம் ஒன்று நின்றுபோனாலும் தொடர்ந்து ஏறி, திரும்பி வந்து இறங்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது.

சரி, அந்தப் பத்து நிமிடம். எனக்கே ஒருமுறை இப்படி நடந்தது. ஜம்ப் சீட்டில், அதாவது கதவருகே க்ரூவுக்கென உள்ள மடக்கு இருக்கையில் இருந்தேன். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில், உள்ளங்கை மேல்நோக்கி. அதிர்ச்சியில் கை வீசி அடிபடாமல் இருக்க அப்படித்தான் உட்காருவோம். மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. என் கதவு எது, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், வெளியே தீ இருந்தால் எந்தக் கதவுக்கு ஆட்களைத் திருப்புவேன், மூன்றாவது வரிசையில் கைத்தடியோடு இருக்கும் பெரியவரை யார் பிடித்துக்கொள்வார். நான் நடைபாதையில் நின்று, விமானம் குலுங்கி, என் தலையில் அடிபட்டால் அந்தக் கதவைத் திறக்க ஆள் கிடையாது.

விமானிகள் முதலில் விமானத்தைக் கட்டுக்குள் வைப்பார்கள், பிறகு இன்ஜினைக் கவனிப்பார்கள், கட்டுப்பாட்டு அறையிடம் பேசுவார்கள். அப்புறம்தான் எங்களுக்கு இன்டர்போன் மணி அடிக்கும். கேப்டன் நான்கே விஷயம் சொல்வார்: என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, விசேஷமாக ஏதாவது உண்டா. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அன்று எனக்குக் கிடைத்தது எட்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். எட்டைப் பதினெட்டு என்று கேட்டிருந்தால் எல்லாமே தலைகீழாகியிருக்கும்.

அந்த நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜின்களும் செயலிழந்த விமானம், சுமார் மூன்றரை நிமிடத்தில் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. தண்ணீரில் இறங்கப் போகிறோம் என்பதே கேபினில் இருந்த மூன்று பணியாளர்களுக்குத் தெரியாது. மோதலுக்குத் தயாராகுங்கள் என்ற கேப்டனின் குரல் மட்டும்தான் கேட்டது. உடனே, தலையைக் குனியுங்கள், குனிந்தே இருங்கள் என்று விடாமல் கத்தினார்கள். விமானத்தில் இருந்த 155 பேரும் உயிர் தப்பினார்கள்.

இறங்கிய பிறகு ஏன் எழ விடவில்லை? அவசர ஸ்லைடில், அதாவது கதவிலிருந்து தரைவரை விரியும் காற்றடைத்த சறுக்கில் குதித்தால் கால் முறியக்கூடும். ஒரு பக்கம் இன்ஜின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கலாம். தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும்வரை உள்ளே இருப்பதுதான் பல நேரங்களில் பாதுகாப்பு. வெளியேறச் சொன்னால் மட்டும் எங்கள் குரல் அடியோடு மாறிவிடும், அதட்டுவோம். தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜனவரியில் டோக்கியோ ஹனேடாவில் ஓடுபாதை மோதலில் எரிந்த விமானத்தில் அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. மெகாஃபோனாலும் தொண்டையாலும் கத்தியே, எட்டு வாசல்களில் மூன்றை மட்டும் பயன்படுத்தி, 379 பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள்.

உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. பெரும்பாலான விமானங்களில் விமானி தன் இருக்கையிலிருந்து இன்ஜினைப் பார்க்க முடியாது, எங்கள் ஜம்ப் சீட்டிலிருந்தும் பெரும்பாலும் தெரியாது. நீங்கள் பார்த்தீர்கள். தீ தொடர்ந்து எரிந்தாலோ உள்ளே புகை வந்தாலோ பட்டனை நம்பிக் காத்திருக்காமல் இருக்கையிலிருந்தே உரக்கச் சொல்லுங்கள்: "இடது இன்ஜின், இன்னும் எரிகிறது." அவ்வளவு போதும், நாங்கள் விமானிக்குச் சொல்லிவிடுவோம்.

மற்றபடி, முன்னும் பின்னும் உள்ள வாசலுக்கு எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், புகையில் கண் தெரியாது. குதிகால் செருப்பு இருந்தால் கழற்றுங்கள், ஸ்லைடைக் கிழித்துவிடும். லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள் இருக்கும்போதே ஊதாதீர்கள், தண்ணீர் புகுந்தால் கூரையோடு ஒட்டி மிதப்பீர்கள். பை அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று. அந்தத் தீ எந்தப் பக்கம், எத்தனை முறை பளிச்சிட்டது என்று அன்று இறங்கும்போது யாரிடமாவது சொன்னீர்களா? இல்லையென்றால், விமான எண்ணையும் இருக்கை எண்ணையும் குறிப்பிட்டு அந்த நிறுவனத்துக்கு இப்போதும் எழுதலாம்.