மக்கள் நடமாட்டத்தை வைத்து நோய்ப் பரவலை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒவ்வொரு ஊரையும் ஒரு புள்ளியாக வைத்து, ஊருக்குள் நோய் தொற்றும் வேகத்தையும் ஊர்களுக்கிடையே போய்வருவோர் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடும் கணக்குதான் இந்தக் கணித மாதிரி. கிருமிக்குச் சொந்தக் கால் கிடையாது. ஆள் போகிற வழியில்தான் அதுவும் போகும். அதனால் கிலோமீட்டரைவிடப் போக்குவரத்தே முக்கியம். 2003-இல் ஹாங்காங்கின் ஒரே ஹோட்டலில் தங்கியவர்கள் வழியாகவே சார்ஸ் நோய் டொராண்டோ, சிங்கப்பூர், ஹனோய் வரை விமானமேறிப் போனது. பாலமில்லாத ஆற்றின் அக்கரைக்குப் போகும் முன்பே, நேர் பஸ் இருக்கிற தூரத்து டவுனுக்கு ஊர்ச்செய்தி போய்ச் சேருமே, அப்படி.

சரி, போக்குவரத்தை நிறுத்தினால் நோய் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கொரோனாவைத் தடுக்க 2020 ஜனவரி 23-இல் சீனாவின் ஊகான் நகரை அடைத்தும், பிற சீன நகரங்களில் பரவல் 3 முதல் 5 நாள்தான் தள்ளிப்போனது என்கிறது ஒரு மாதிரிக் கணக்கு. கிருமி அதற்கு முன்பே வெளியேறிவிட்டது.