17½ வயது வரை காத்திருந்தால் டிரைவர் எட் வேண்டாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். மகளுக்கு 16 முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. 17½ ஆகிவிட்டால் டிரைவர் எட் (ஓட்டுநர் கல்வி வகுப்பு) படிக்காமலே பெர்மிட் (பழகுநர் உரிமம்) வாங்கலாம், செலவு மிச்சம் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: கேள்விப்பட்டது சரிதான், ஆனால் பாதி. 17½-இல் அப்படிப் பெர்மிட் தருவார்கள். பயிற்சி எடுக்காதவர்களுக்கு லைசென்ஸ் 18 ஆன பிறகுதான். அதற்குள் கல்லூரிக்குப் போகிற வயது வந்துவிடும். ஒரு மணி நேரம்கூட முறையாகக் கற்காமல், கட்டுப்பாடே இல்லாத முழு லைசென்ஸோடு, நீங்கள் பக்கத்தில் இல்லாத ஊரில் அவள் தனியாக ஓட்ட ஆரம்பிப்பாள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. இப்போதே சேர்த்துவிடுங்கள்.

டிரைவர் எட் வகுப்பு 30 மணி நேரம், ஆன்லைனிலும் முடிக்கலாம். அப்புறம் டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) எழுத்துத் தேர்வு: 46 கேள்விகளில் 38 சரியாக இருக்க வேண்டும், தவறினால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி.

பெர்மிட் கைக்கு வந்த அன்றே அப்பா மகளை அழைத்துக்கொண்டு காரில் கிளம்பிவிடுவார், பலர் செய்யும் தவறு இது. லைசென்ஸ் பெற்ற பயிற்சியாளரிடம் முதல் பாடம் எடுத்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தப் பெர்மிட் செல்லும். பயிற்சியாளரிடம் மொத்தம் 6 மணி நேரம். மீதி உங்கள் பொறுப்பு: 50 மணி நேரம், அதில் 10 மணி நேரம் இரவில், பக்கத்தில் 25 வயது நிரம்பிய, லைசென்ஸ் உள்ள ஒருவர்.

பெர்மிட்டை எப்படியும் 6 மாதம் வைத்திருந்தால்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும், ஆகவே வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். முடித்ததாகக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான் என்பதால், தயவுசெய்து கணக்குக்கு எழுதாமல் உண்மையாகவே ஓட்ட வையுங்கள், மழையிலும், ஃப்ரீவேயில் கூட்டமான நேரத்திலும்.

லைசென்ஸ் வந்த முதல் 12 மாதம் இரவு 11 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது, 20 வயதுக்குட்பட்ட தோழிகளைத் தனியாக ஏற்றிக்கொண்டும் போகக் கூடாது. பள்ளி, வேலை, மருத்துவம் போன்ற அவசியங்களுக்கு விலக்கு உண்டு, அதற்குக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். 18 ஆகும்வரை ஓட்டும்போது கைபேசியை ஹேண்ட்ஸ்ஃப்ரீயில்கூடப் பயன்படுத்தக் கூடாது.

இரவில் ஓட்ட வேண்டிய அந்த 10 மணி நேரத்துக்கு மட்டும் ஒரு யோசனை. குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும், மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது அவளையே ஓட்டச் சொல்லுங்கள்.