திருவருகைக் காலத்தில் புதிய பங்கில் கால் ஊன்றுவது எப்படி?

கேள்வி: குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைப் புறநகருக்குக் குடிவந்து ஒன்றரை ஆண்டாகிறது. ஊரில் எங்கள் வாழ்க்கையே கோவிலைச் சுற்றித்தான் இருந்தது. இங்கே பங்கில் (எங்கள் பகுதிக் கோவிலைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில்) ஞாயிறு திருப்பலி முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீடு திரும்பிவிடுகிறோம். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஐந்து வயதும் ஆகின்றன. வரும் திருவருகைக் காலத்தில் (கிறிஸ்மஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களில்) நம்பிக்கையில் வளர விரும்பி, தினசரி ஜெபமாலை, நவநாள், நோன்பு என்று ஒரு பட்டியல் எழுதினேன். அதைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். 2026-இல் திருவருகைக் காலம் நவம்பர் 29 ஞாயிறன்று தொடங்கி டிசம்பர் 24 அன்று முடிகிறது. மொத்தம் 26 நாள்கள்தாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குரிய பக்தி முயற்சிகள் அனைத்தையும் இந்தக் குறுகிய காலத்தில் திணிக்க முயல்பவர்கள் இரண்டாம் வாரத்திலேயே தளர்ந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரே ஒரு செயலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வரவிருக்கும் ஞாயிறு நற்செய்தியை முன்கூட்டியே வீட்டில் வாசியுங்கள், அதைப் பற்றி வாரத்தில் ஒருமுறையாவது உங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் பங்கின் சிறு குழுவில், மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

‘நாங்கள் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள்தாமா’ என்ற தயக்கம் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 102, 107 ஆம் எண்களின்படி, நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் ஒரு பங்கின் எல்லைக்குள் குடியேறியவர், ஏன், மூன்று மாதங்கள் அங்கே வசித்துவிட்டவர்கூட, அந்தப் பங்குத்தந்தையின் மேய்ப்புப் பொறுப்புக்கு உட்பட்டவராகிறார். நீங்கள் விருந்தாளிகள் அல்லர். பங்கு மக்களாகி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. பங்குக் குடும்பப் பதிவேட்டில் பெயர் சேர்ப்பது ஒரு நிர்வாக ஒழுங்கு மட்டுமே. ஆனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் மூத்த பிள்ளையின் புதுநன்மைத் (முதன்முறை நற்கருணை பெறுதல்) தயாரிப்புக்கு ஊர்ப் பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது அதைக் கையோடு வாங்கி வந்துவிடுவது எளிது.

அடுத்து, நற்செய்தி. நவம்பர் 29 அன்று வழிபாட்டு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு தொடங்குவதால், முதல் ஞாயிறன்று மாற்கு 13:33-37 வாசிக்கப்படும். வீட்டுத் தலைவர் பயணம் சென்றிருக்கிறார். அவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும் வேளையில் வருவாரோ, காலையில் வருவாரோ என்று அறியாத வாயில் காவலர் விழித்திருக்க வேண்டும். இரவின் நான்கு சாமங்களையும் இயேசு இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, இரவு ஷிஃப்ட் பார்க்கும் உங்கள் கணவருக்கு எந்த மறையுரையாளரையும்விட நன்றாகப் புரியும். அந்தப் பகுதியை அவரையே வாசித்துப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 6 அன்று பாலை நிலத்தில் குரலெழுப்பும் திருமுழுக்கு யோவானை மாற்கு முதல் அதிகாரத்திலும், 13 அன்று ‘நான் மெசியா அல்ல’ என்று ஒதுங்கி நிற்கும் அதே யோவானை யோவான் நற்செய்தியிலும் சந்திப்பீர்கள். 20 அன்று லூக்கா 1:26-38, அதாவது மரியாவுக்கு வானதூதர் அறிவித்த நிகழ்ச்சி. குழந்தை இயேசு இந்த நான்கு ஞாயிறுகளிலும் தொழுவத்தில் தோன்றுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இறுதி வருகையையும், 17 முதல் அவரது பிறப்பையும் முன்னிறுத்துவதே திருவழிபாட்டின் ஒழுங்கு. இக்காலத்து ஞாயிறுகளில் திருப்பலியின் மகிழ்ச்சிப் புகழ்ப்பாடலான வானவர் கீதம் பாடப்படாததும், கிறிஸ்து பிறப்பு இரவில் அது மணியோசையுடன் திரும்பி வருவதும் அந்தக் காத்திருப்பின் பகுதியே.

அன்பியக் கூட்டங்களில் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் பரப்பிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறையோ அதன் சுருக்கமோ பின்பற்றப்படுகிறது: ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை மீண்டும் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்ய வேண்டியதைக் கலந்து பேசுதல், மன்றாடுதல். இதில் பேசுவதற்கு விவிலியப் புலமை தேவையில்லை. முதல் கூட்டத்தில் மூன்றாம் படியில் ஒரு சொல்லை மட்டும் வாய்விட்டுச் சொன்னாலே போதும். சில அன்பியங்கள் சந்தா வசூலோடும் திருவிழாக் கணக்கோடும் நின்றுவிடுகின்றன என்ற குறையை மறைக்க விரும்பவில்லை. உங்கள் அன்பியமும் அப்படி இருந்தால், ‘வரும் ஞாயிறு நற்செய்தியை ஒருமுறை சேர்ந்து வாசிக்கலாமா’ என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்கும்போது பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

டிசம்பரில் பாடகர் குழுவும் இளையோரும் கிறிஸ்மஸ் தாத்தாவோடு வீடு வீடாகக் கேரல் பாட வருவார்கள். திருவருகைக் காலம் முடியும் முன்பே பிறப்புப் பாடல்களா என்று வழிபாட்டு வல்லுநர்கள் முகம் சுளிப்பதுண்டு. நான் சுளிப்பதில்லை, ஏனெனில் பங்கு தானாக உங்கள் வாசலுக்கு வரும் அரிய தருணம் அது. அவர்களை உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, பெயர் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஒப்புரவு அருளடையாளத்தை (பாவசங்கீர்த்தனத்தை) 24 ஆம் தேதி மாலை வரிசைக்கு விட்டுவைக்காமல், பங்கில் ஒப்புரவு வழிபாடு அறிவிக்கப்படும் நாளிலோ இரண்டாம் வாரத்திலோ முடித்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து நெடுநாளாகியிருந்தால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மற்றவற்றில் குருவானவர் உதவுவார்.

பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் குடிலே சிறந்த பாடம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த தொழுவத்தில் வைக்கோலும் மாடும் கழுதையும் இருந்தன. நீங்கள் இரண்டாம் வாரத்தில் ஒரு தட்டில் கேழ்வரகு விதைத்து, பிள்ளைகளை நாள்தோறும் தண்ணீர் தெளிக்கச் செய்யுங்கள். குடிலுக்கான பச்சைப்புல் அவர்கள் கையாலேயே வளரும். குழந்தை இயேசுவின் சுரூபத்தை மட்டும் 24 இரவு வரை எடுத்து வைத்துவிடுங்கள்.

கணவரின் ஞாயிறு பணி தடையாக இருந்தால், சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறிவிடும். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் தெருவின் பெயரைச் சொல்லி, அது எந்த அன்பியத்தில் வருகிறது, பொறுப்பாளர் யார், அடுத்த கூட்டம் எந்த வீட்டில் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.