பீஜ் சீட்டில் நீலக் கறை: தின்னர் வேண்டாம்

காரின் பீஜ் நிற லெதர் சீட்டில் படிந்த நீலக் கறையைத் தின்னர் போட்டுத் துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தின்னர் வேண்டவே வேண்டாம், நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். கார் லெதரின் மேல் நிறப்பூச்சும் அதற்கு மேல் மெல்லிய பாலியூரித்தேன் படலமும் இருக்கும், இவற்றில் இருக்கும் அசிட்டோன் போன்ற கரைப்பான் பட்டால் கறையோடு அதுவும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் மறுபடி கலர் அடிப்பதைத் தவிர வழியில்லை.

டிரைவர் சீட்டில் மட்டும், அதுவும் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில் நீலமாக என்கிறீர்கள். அது அநேகமாக அழுக்கு இல்லை, ஜீன்ஸ் சாயம். வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் துணியிலிருந்து சீட்டில் இறங்கிவிடும்.

முதலில் வெளியே தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்படியே நின்றால் பூச்சுள்ள லெதர் (அல்லது ரெக்சின், 'லெதரெட்' என்று விற்பது அந்த வகைதான்), நீங்களே துடைக்கலாம். உறிஞ்சிக் கருத்தால் கை வைக்காமல் விவரம் தெரிந்த ஆளிடம் விடுங்கள்.

காரம் இல்லாத லெதர் கிளீனரை சீட்டில் ஊற்றாமல் மென்மையான பிரஷ்ஷில் எடுத்து, நுரையால் மெதுவாகத் தேய்த்து, ஈர மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். ஒரே தடவையில் போகாது, காயவிட்டு மறுபடி செய்யுங்கள். துளை போட்ட வெண்டிலேட்டட் சீட் என்றால் ஈரம் இன்னும் குறைவாக, உள்ளே விசிறி இருக்கிறது.

மேஜிக் ஸ்பாஞ்ச் (கறை தேய்க்கும் மெலமைன் ஸ்பாஞ்ச்) போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். சரி, கறை போகும், ஆனால் அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரி, பூச்சையும் தேய்க்கும்.

மாதக்கணக்கில் ஊறிய சாயம் என்றால் பூச்சுக்குள்ளேயே இறங்கியிருக்கலாம். அப்போது மங்குமே தவிர முழுசாகப் போகாது.